சிறுபொருட் செலவில் பேராக் கடற்கரை



இவ்வுரைக்கான தலைப்பை எனக்குத் தந்தவர் ஒரு மாணவர். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் பயில்பவர். "ஐயா, ஜப்பானின் கடலோரச் சிற்றூர்களைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்க்க இயலுமா?" என்று கேட்டார். அவர் தோக்கியோவைப் பற்றிக் கேட்கவில்லை. கடல் ஓரமாக ஊர்ந்து செல்லும் ஒரு சிறு தொடர்வண்டியைக் கைப்பேசித் திரையில் கண்டிருக்கிறார். அதில் ஏறி அமர வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசையில் பிழையில்லை. வினாவுக்கு விடை சொல்வது ஆசிரியர் கடன் ஆதலால் முதலில் அதனைச் சொல்லிவிட்டு, பிறகு நம் ஊருக்கு வருகிறேன்.

இயலும் என்பதே விடை. ஜப்பானிய இரயில்வே 1982ஆம் ஆண்டு முதல் ஒரு பயணச்சீட்டை விற்றுவருகிறது. 'இளமை 18' என்பது அதன் பெயரின் பொருள். பெயர்தான் இளமையே தவிர, வயது வரம்பு கிடையாது; எழுபது வயது முதியவரும் வாங்கலாம். பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டுமே செல்லுபடியாகும். விரைவு வண்டிகளில் ஏற முடியாது; ஊருக்கு ஊர் நின்று செல்லும் சாதாரண வண்டிகளில் நாள் முழுவதும் ஏறி இறங்கலாம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் விதிகள் மாற்றப்பட்டபோது, தொடர்ந்து 5 நாள் பயணத்துக்கான விலை 12,050 யென். இச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கித்தாவுக்கும் அவோமோரிக்கும் இடைப்பட்ட கோனோ வழித்தடத்தில் செல்பவர், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் மலையுமாக ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கிறார். உடன் வருபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குச் சென்று திரும்பும் மூதாட்டிகளும்தாம். வண்டி மெதுவாகச் செல்வதால்தான் அவர்களோடு அமர முடிகிறது. மலிவு என்பதை ஒரு குறையாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது சிந்திக்கத்தக்கது.

சிக்கோக்குத் தீவில் மற்றொரு வழக்கம் உண்டு. அங்கே 88 கோயில்களை வலம்வரும் யாத்திரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி கடற்கரைச் சிற்றூர்கள் வழியே செல்கிறது. நடந்துவரும் யாத்திரிகருக்கு வழியிலுள்ளோர் ஆரஞ்சுப் பழமோ, தேநீரோ, சில நாணயங்களோ கொடுப்பர். அதனை மறுப்பது பண்பன்று. வேனிற்காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்த, சத்திரம் கட்டிச் சோறிட்ட நம் மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

நம்மவருள் ஒருவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டுக்குச் சென்றிருக்கிறார். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் 1930களில் தோக்கியோவில் ஒளிப்படக் கலை பயின்றவர். பின்னாளில் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவரும், 'குமரி மலர்' இதழை நடத்தியவரும் அவரே. தமிழில் பயண நூல் என்னும் துறையை வளர்த்தவர்களுள் முன்னிற்பவர். ஆனால் பயணத்தை எழுதும் வழக்கம் தமிழில் அவரோடு தொடங்கியதன்று. அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கண நெறியே இருக்கிறது. அதற்கு ஆற்றுப்படை என்று பெயர்.

ஆசிரியர்கள் அறிவீர்கள், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஆறு' என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, 'இவ்வழியே செல். இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும். இன்னாரைப் பார்' என்று சொல்வதே அதன் அமைப்பு. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசு கொடுத்த மன்னனைப் புகழும் பாடல்களாகவே தேர்வுக்காக இவற்றைக் கற்பிக்கிறோம். அவை கையில் காசில்லாதவனுக்குக் காசில்லாதிருந்தவன் சொல்லிக் கொடுக்கும் வழிகாட்டி என்பதை ஏனோ சொல்ல மறந்துவிடுகிறோம்.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடிகள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர். இன்றைய மரக்காணம் பகுதியே அது என்று அறிஞர் கருதுவர். அங்கே நுளையர் வீட்டில் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து முல்லை நிலத்து வேலூரில் புளிச்சோறும் இறைச்சியும் தருவார்கள். மருத நிலத்து ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கும். கடலில் தொடங்கி வயல் வரை, நிலம் மாற மாற உணவும் மாறுகிறது. எந்த ஊரிலும் விலை சொல்லப்படவில்லை. மலைபடுகடாமோ இன்னும் ஒரு படி மேலே போய், வழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே என்றெல்லாம் எச்சரிக்கிறது.

சிறுபாணாற்றுப்படையில் என் நெஞ்சை விட்டு நீங்காத பகுதி விருந்து அன்று. பயணத்துக்கு முந்திய வறுமைதான். பாணன் வீட்டு அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு, பிறர் கண்டுவிடக் கூடாதே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையைவிட, அதை மறைக்க அடைத்த அந்தக் கதவு நம்மைச் சுடுகிறது.

ஆசிரியப் பணியில் அந்தக் கதவை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கல்விச் சுற்றுலா அறிவிக்கப்படும். தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று கடிதம் வீட்டுக்குச் செல்லும். சிலர் மறுநாளே பணத்தோடு வருவர். சிலர், 'அன்றைக்கு எங்கள் வீட்டில் திருமணம்' என்பர். 'எனக்குப் பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாது' என்பர். எல்லா ஆண்டும் அதே பிள்ளைகளுக்குத்தான் பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்து ஓரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். குளிரூட்டிய பேருந்து, கேளிக்கைப் பூங்கா, இரண்டு இரவுத் தங்கல் என்று நாம் வகுக்கும் திட்டம், வகுப்பில் சிலரைக் கதவடைத்து உட்காரச் செய்கிறது. ஆகவே, குறைந்த செலவில் ஊர் காண்பது எப்படி என்பதைச் சிக்கனக் குறிப்பாக மட்டும் நான் கருதவில்லை. யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை அதுவே முடிவு செய்கிறது.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். பேராக்கில் கடல் உண்டா என்று ஈப்போ மாணவர்கள் சிலர் கேட்பதுண்டு. சுண்ணாம்புக் குன்றுகளையும் ஈயக் குட்டைகளையும் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வடக்கே கிரியான் தொடங்கித் தெற்கே பாகான் டத்தோ வரை நீண்ட கரை நமக்கு உண்டு. வெண்மணல் குறைவு, சேறும் அலையாத்திக் காடும் மிகுதி. சுற்றுலா விளம்பரங்களில் இடம் பெறாமல் போனதற்கும், இன்றும் மலிவாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

முதற் பயணமாக நான் சொல்வது கோலா செப்பத்தாங். ஈப்போ நிலையத்தில் காலைத் தொடர்வண்டியில் ஏறுங்கள். சுங்கை சிப்புட், கோலா கங்சார் கடந்து, 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பெராப்பிட் சுரங்கத்தின் இருளுக்குள் புகுந்து வெளிவந்தால் தைப்பிங் அண்மையில். அங்கே பசியாறிவிட்டுக் கோலா செப்பத்தாங் செல்லும் உள்ளூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வழியில் மாத்தாங் வரும். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான பெர்ச் 1875இல் கொல்லப்பட்ட வழக்கில் மகாராஜா லேலாவை விசாரித்தது அவ்வூர்க் கோட்டையில்தான். நேரம் இருப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

பேருந்து முடியும் ஊரில் தேட வேண்டியது ஒரு பலகை. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் இவ்வூருக்கும் இடையே திறக்கப்பட்டது. நீளம் 8 மைல். லாருட் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு செல்வதற்காக அமைத்தது. பாதையை இட இலங்கையிலிருந்து பணிப்படையை வரவழைத்தனர். ஆளுநர் வெல்டின் பெயரால் ஊருக்குப் போர்ட் வெல்ட் என்று பெயர் வைத்தனர். இன்று தண்டவாளம் இல்லை, நிலையமும் இல்லை. கடைகளுக்கு நடுவே பழைய பயணச்சீட்டு அறையும் பெயர்ப் பலகையும் மட்டும் எஞ்சியுள்ளன. அப்பலகையில் ஊர்ப்பெயர் நான்கு எழுத்துகளில் உள்ளது: ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ்.

மாணவர்களே, அந்தப் பலகை முன் நின்று ஒரு கேள்வி கேளுங்கள். மீனவச் சிற்றூரின் இரயில் நிலையத்தில் தமிழ் எழுத்து ஏன்? அதைப் படித்து இறங்க வேண்டியவர்கள் இருந்தார்கள் என்பதே விடை. தண்டவாளம் பழுதுபார்த்த கூலிகள் தமிழர். மலாயா இரயில்வேயில் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் அமர்ந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத் தமிழர். இந்நாட்டில் தமிழுக்கு இடம் கேட்டு மேடையில் பேசுகிறோம். கேளாமலே கிடைத்த இடம் ஒன்று, ஒரு மரத்தடியில் மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

அருகிலேயே மாத்தாங் அலையாத்திக் காடு. ஏறத்தாழ 40,000 எக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இடைவிடாமல் திட்டமிட்டுப் பேணப்படும் காடு என்பதால் உலகெங்கும் காட்டியல் பயில்வோர் இதனை அறிவர். பேணும் முறை எளிது. ஒரு பகுதியில் மரம் வளர 30 ஆண்டுகள் விடுவார்கள். 15ஆம் ஆண்டில் 1.2 மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்றை எடுத்து, நிறுத்தப்போகும் மரத்தைச் சுற்றி அக்கோலின் அளவுக்குள் நிற்கும் மற்ற மரங்களை வெட்டுவார்கள். 20ஆம் ஆண்டில் கோலின் நீளம் 1.8 மீட்டர். 30ஆம் ஆண்டில் முழு அறுவடை. அதன்பின் மீண்டும் நடவு. ஒரு கோலை அளவாக வைத்துக்கொண்டு ஒரு காட்டை நூறாண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். கணக்கு ஆசிரியர் உடன் வந்தால் மரப்பலகை நடைபாதையிலேயே ஒரு பாடம் நடத்திவிடலாம்.

வெட்டிய மரம் கரி சூளைக்குச் செல்கிறது. கவிழ்த்த கிண்ணம் போன்ற செங்கற் சூளைகள். பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நெருக்கமாக நிறுத்தி, வாயைச் சுருக்கி, வெளியே தீ வளர்ப்பார்கள். கட்டை எரிவதில்லை, வெம்மையில் ஈரத்தை இழந்து கரியாகிறது. ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பார்க்க முடியாது. துளை வழியே வரும் புகையின் மணத்தையும் வெம்மையையும் கொண்டு சூளைக்காரர் பதம் அறிகிறார். அந்தக் கரியின் பெரும்பகுதி எங்கே செல்கிறது தெரியுமா? ஜப்பானுக்கு. கோனோ வழித்தடத்தைக் கனவு கண்ட மாணவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசவில்லை.

மாலையில் மின்மினிப் பூச்சிகளைக் காணப் படகு உண்டு. கூட்டமாகச் சென்று பங்கிட்டால் கட்டணம் தாங்கும். தனியாகச் சென்றால் கடிக்கும். தைப்பிங் திரும்பும் பேருந்தும் அந்நேரம் இராது. எனவே முதற் பயணத்தில் இதனை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் பார்த்துத் தீர வேண்டும் என்பது சுற்றுலா நிறுவனங்கள் பழக்கிய பழக்கம்.

இரண்டாம் பயணம் பங்கோர் தீவு. ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குப் பேருந்து; அங்கிருந்து படகு. தீவின் தங்குவிடுதிகள் மேற்குக் கரையில் உள்ளன. மக்கள் வாழும் ஊர்கள் கிழக்குக் கரையில். படகு நிற்பதும் கிழக்கில்தான். செலவு குறைவதும் அங்கேதான். நெத்திலி காயும் மணத்தினூடே தெற்கு நோக்கி நடந்தால் தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. ஈய வணிகத்தைக் கைப்பற்ற 1670இல் கட்டியது. 1690இல் தாக்குதலுக்கு ஆளானது. 1743இல் புதுப்பித்தும் சில ஆண்டுகளில் கைவிட்டனர். அருகே ஒரு பெரும்பாறையில் 1743 என்ற ஆண்டும், குழந்தையைக் கவ்விச் செல்லும் புலியின் உருவும் செதுக்கப்பட்டுள்ளன. இங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

இத்தீவின் அருகேதான் 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. பாடநூலில் அது அரசர் உரிமையும் ரெசிடெண்ட் முறையும் பற்றிய ஒரு பத்தி. நமக்கு அதில் இன்னொரு வரி உண்டு. அந்தக் கையெழுத்துக்குப் பின்னர்தான் பேராக் மண்ணில் கரும்பும் காப்பியும் ரப்பரும் பெருந்தோட்டங்களாகப் பரவின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் பாட்டன்மார் கப்பல் ஏறினர். தீவில் கடலை ஒட்டிப் பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்தன்று அங்கே கூடும் கூட்டம் சிறிதன்று. கோட்டையைப் பார்த்த கண்ணோடு அக்கோயிலையும் பார்த்தால், அந்த உடன்படிக்கையின் தொடர்ச்சி புரியும்.

மூன்றாவது பாகான் டத்தோ. 2017இல் பேராக்கின் 12ஆவது மாவட்டமாகியது. தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த சாய்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஊத்தான் மெலிந்தாங் வழியே செல்ல வேண்டும். பொதுப் பேருந்து குறைவு. இவ்வழியை நான் எளிது என்று சொல்லமாட்டேன். ஆசிரியர் இருவர் தம் வண்டிகளில் எண்ணெய்ச் செலவைப் பகிர்ந்து எட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நல்லது. பேராக் ஆறு கடலோடு கலக்கும் இப்பகுதி தென்னைக்குப் பேர்போனது. தென்னந்தோப்பு, செம்பனை, இடையிடையே சிறு கோயில்கள், பழைய தமிழ்ப்பள்ளிகள். டென்மார்க்குப் பொறியாளர் வெஸ்டென்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இந்தச் சுற்றுவட்டத்தில்தான் உள்ளது.

இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பார்ப்பதைவிடக் கேட்பதற்கு இருக்கிறது. தேங்காய் உரித்த கை, பால்மரம் வெட்டிய கை, லயத்து வாசலில் அமர்ந்து கதை சொன்ன நா இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. கூரான கம்பியில் குத்தி ஒரு நாளில் எத்தனை தேங்காய் உரித்தார்கள், கொப்பரையை எப்படிக் காயவைத்தார்கள், சம்பளநாள் சந்தையில் என்ன வாங்கினார்கள் என்று ஒரு மூதாட்டியிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன் பாட்டி என்று அழைத்து, கொண்டுபோன பழத்தைக் கொடுத்து, அவர் உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். இவர்களைச் சந்திக்கும் வாய்ப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. சப்பானியக் கடற்கரை இன்னும் இருபது ஆண்டு காத்திருக்கும். வேலை கிடைத்த பின் தாராளமாகச் சென்று வாருங்கள். அந்தப் பாட்டி காத்திருக்க மாட்டார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பயணம் முடிந்து வந்த மாணவரிடம் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை கேட்காதீர்கள். காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன் என்று தொடங்கி, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன் என்று அது முடியும். நாற்பது கட்டுரையும் ஒரே கட்டுரையாக இருக்கும். அதற்கு மாறாக ஓர் ஆற்றுப்படை கேளுங்கள். அடுத்த ஆண்டு அதே ஊருக்குச் செல்லப்போகும், தன்னைவிடக் கையில் காசு குறைந்த ஒரு மாணவருக்கு எழுதுவதாக இருக்கட்டும். முன்னிலையில் எழுத வேண்டும்: 'நீ இறங்கு', 'நீ கேள்', 'நீ திரும்பு' என்று. தமிழ் இலக்கணத்தில் ஏவல் வினையைக் கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

அதில் என்ன இருக்க வேண்டும்? எந்த மேடையில் வண்டி நிற்கும், குடிநீர் எங்கே நிரப்பலாம், கழிவறை எங்கே, எந்தக் கடையில் மூன்று பேர் பகிர்ந்து உண்ணலாம், வழி கேட்டால் பொறுமையாகச் சொல்பவர் யார், நிழல் இல்லாத நடை எவ்வளவு தூரம் என்பவை இருக்க வேண்டும். வழியில் கண்ட தமிழ் எழுத்தும் இருக்க வேண்டும். கடைப்பலகையோ, கோயில் கல்வெட்டோ, கல்லறையோ, கண்டதைக் கண்டபடி, பிழையிருந்தால் பிழையோடு படியெடுக்க வேண்டும். செலவான ஒவ்வொரு காசையும் எழுத வேண்டும். மலைபடுகடாம் போல் இடர்களையும் எழுத வேண்டும்: மழை பெய்தால் வழுக்கும் பலகை, நாய் துரத்தும் சந்து, கதவு திறக்காத நாள்.

ஜப்பானிய இரயில் நிலையங்களில் பயணிகள் தம் ஏட்டில் தாமே பதித்துக்கொள்ள முத்திரை ஒன்றை வைத்திருப்பார்கள். அதற்குக் காசில்லை. சிற்றூர் நிலையங்களிலும் காணலாம். நம் பள்ளி மன்றங்கள் இதைச் செய்யலாம். ஊருக்கு ஒரு முத்திரையை மாணவரே வரைந்து, உருளைக்கிழங்கில் செதுக்கினாலும் போதும். ஆற்றுப்படை எழுதி ஒப்படைத்தவரின் ஏட்டில் அதைப் பதிக்கலாம். அந்த ஆற்றுப்படைகளைப் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பில் தொகுத்து வைத்தால், அடுத்து வருபவர் தயங்காமல் எடுத்துக்கொள்வார்.

ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பயணம் செய்த நாளைத் தவறாமல் குறிக்கச் சொல்லுங்கள். பேருந்து நேரங்களும் படகுக் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். நாளில்லாத தாள் வழிதவறச் செய்யும். கோலா செப்பத்தாங்கில் இறங்கியதும் முதல் வேலையாக, திரும்பி வரும் கடைசிப் பேருந்து எப்போது என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையை அதன் பிறகு பார்க்கலாம்.